மிதிவண்டி எட்டிய வழி: மன்னார்குடி வட்டாரத்தில் இரும்புச் சட்டகம் முதல் கார்பன் சட்டகம் வரை

காவிரிப் படுகையின் தென்பகுதியில், பாமணி ஆற்றங்கரையில் அமைந்த மன்னார்குடியைச் சுற்றியுள்ள நிலம் மேடுபள்ளம் அதிகமில்லாத வயற்காடு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதும், கல்லணைக் கால்வாயும் வடவாற்று நீட்டிப்பும் இப்பகுதியின் புதிய நிலங்களுக்கு நீரைக் கொண்டுசென்றன. ஆற்றங்கரைகளோடு வாய்க்கால் கரைகளும் ஊர்களை இணைக்கும் பாதைகளாயின. மாட்டுவண்டி நுழைய முடியாத அக்குறுகிய கரைகளில் நடைக்கு அடுத்தபடியாகப் பயன்படத்தக்க ஊர்தி மிதிவண்டியே என்பதால், நெல் விளையும் இந்நாட்டின் சமூக வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. அவ்வரலாற்றை ஆராய்ந்தால், ஒரு வண்டி பொதுமக்களுக்கு எட்டுவது அதன் விலை குறைவதால் மட்டுமன்று, அதைப் பகிர்ந்துகொள்ளவும் பழுதுபார்க்கவும் கற்றுத்தரவும் ஊரில் அமைப்புகள் உருவாவதாலும்தான் என்பது தெளிவாகும்.

இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்து, சங்கிலியால் பின்சக்கரம் இயங்கும் இன்றைய மிதிவண்டியின் முன்மாதிரியை இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் உருவாக்கினார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ராலே, ஹெர்குலிஸ், பிலிப்ஸ் ஆகிய ஆங்கிலேய வண்டிகள் கப்பலேறி வந்த காலத்தில், மிராசுதார், வக்கீல், அரசு அலுவலர் போன்றோரே அவற்றை வாங்கும் நிலையில் இருந்தனர். விடுதலைக்குப் பின், 1949இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளை உற்பத்தி செய்யலாயின. எஃகுக் குழாய்களை இணைப்புக் குமிழ்களில் செருகிப் பித்தளையால் பற்றவைத்த சட்டகமும், 28 அங்குல டயரும், ஏறத்தாழ 20 கிலோ எடையும் கொண்ட அவ்வண்டி கனமானது. ஆனால் நெல் மூட்டையையும் பால் கேனையும் சுமக்கவல்லது, எந்தப் பட்டறையிலும் பழுது நீக்கத்தக்கது.

உள்நாட்டு உற்பத்தி பெருகிய பின்னும் புதுவண்டி கூலித்தொழிலாளருக்கு எட்டாப் பொருளாகவே இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பியது வாடகை சைக்கிள் கடை. மணிக்கணக்கில் வண்டியை வாடகைக்கு விட்ட இக்கடைகளே பங்க்சர் ஒட்டுதல், ரிம்மில் கோட்டம் எடுத்தல், ஆண்டுக்கொருமுறை வண்டியை முழுதாகப் பிரித்துத் துடைத்து எண்ணெயிடும் 'ஓவராயில்' ஆகிய வேலைகளையும் செய்தன. சட்டகத்தின் மேற்குழாய்க்குக் கீழே ஒரு காலை நுழைத்துப் பக்கவாட்டில் தொங்கியபடி மிதிக்கும் 'குரங்குப் பெடல்' முறையில், தம் உயரத்துக்கு மீறிய வாடகை வண்டிகளில்தான் சிறுவர் பலர் ஓட்டப் பழகினர். உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுதோறும் வரி வசூலித்து, செலுத்தியதற்குச் சான்றாக உலோக வில்லை ஒன்றை வண்டியில் பொருத்தச் செய்தன. இரவில் விளக்கின்றி ஓட்டுவதும் ஒரே வண்டியில் இருவர் செல்வதும் குற்றமாகக் கருதப்பட்டன. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆதிக்கச் சாதியினர் தெருக்களில் வண்டியிலிருந்து இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டியிருந்தது என்பதையும் இவ்வரலாறு மறைக்கலாகாது. வண்டியை எட்டுவதில் பணத்தோடு சாதியும் குறுக்கே நின்றது.

மிதிவண்டியைக் கொண்டு உடலின் தாங்குதிறனைச் சோதிக்கும் வழக்கமும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பழையதே. ஊர்ப் பொதுத்திடலில் ஒருவர் பல நாள்கள் தரையில் கால் ஊன்றாமல் வட்டமாக ஓட்டிக்கொண்டே இருப்பார். உண்பதும் குளிப்பதும் சட்டை மாற்றுவதும் ஓடும் வண்டியிலேயே நடைபெறும். மாலையில் பாட்டும் ஆட்டமும் சேர, பார்வையாளர்கள் அவர் சட்டையில் ரூபாய்த் தாள்களைக் குத்துவர். இத்தகைய 'சைக்கிள் சாதனை'யும், பொங்கல் விழாக்களில் நடைபெற்ற பந்தயங்களும், கடைசியாக வருபவரே வெல்லும் மெதுவோட்டப் போட்டியும், விலையுயர்ந்த கருவி இல்லாமலேயே விளையாட்டு வளர்ந்ததற்குச் சான்றுகள்.

அருகிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்குவித்த அறிவொளி இயக்கம், எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாகப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பித்தது. கல்குவாரித் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் அங்கன்வாடிப் பணியாளரும் ஆயிரக்கணக்கில் கற்றனர். கேலியைத் தாண்டி வெளிவந்த அப்பெண்களின் அனுபவம், வண்டி கையில் இருப்பதோடு, அதை ஓட்டும் உரிமையைச் சமூகம் ஒப்புக்கொள்வதும் இன்றியமையாதது என்பதைக் காட்டியது. 2001-02இல் தமிழக அரசு பதினோராம் வகுப்பு பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் பிற சமூக மாணவியருக்கும் மாணவருக்கும் அதை விரிவாக்கியது. 1997 முதல் திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த மன்னார்குடி வட்டாரத்திலும், அரசுப் பள்ளி மாணவியர் வாய்க்கால் கரைகளில் மிதிவண்டியில் செல்லும் காட்சி இயல்பானது.

இதற்கிடையே உலகின் வேறு மூலையில் நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் என்னும் போட்டி பிறந்தது. 1974இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் இப்பெயருடன் நடந்த போட்டியும், 1978இல் ஹவாய்த் தீவுகளில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம் என அமைந்த அயர்ன்மேன் போட்டியும் இதன் தொடக்கப் படிகள். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 1.5, 40, 10 கி.மீ. என்ற அளவுகளில் இது இடம்பெற்றது. இந்த 40 கி.மீ. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குச் செல்லும் தொலைவைவிடச் சற்றே அதிகம். படுகையின் உழைப்பாளிகள் பலர் மூட்டையுடன் கடந்த தொலைவுதான்.

இப்போட்டிக்கென உருவான வண்டியில் இரு கூறுகள் முக்கியமானவை. முதலாவது அமர்வு: முழங்கைகளைத் தாங்கும் திண்டுகளும் முன்னோக்கி நீளும் கைப்பிடியும் கொண்ட 'ஏரோ பார்', உடலைத் தாழ்த்திக் காற்றுத் தடையைக் குறைக்கிறது; இருக்கைக் குழாய் செங்குத்துக்கு நெருங்கி அமைவது, அவ்வாறு தாழ்ந்த நிலையிலும் இடுப்பு மிகையாக மடங்காமல் மிதிக்க உதவுகிறது. இரண்டாவது சட்டகம்: பாலியக்ரிலோனைட்ரைல் என்னும் செயற்கை இழையை ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிக் கரியாக்கி, அவ்விழைகளை எபாக்சிப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக அச்சில் படியவைத்து இறுகச் செய்து உருவாக்குவதே கார்பன் சட்டகம். அடுக்கும் வேலை பெரும்பாலும் கையால் நடப்பதே அதன் விலைக்கு ஒரு முதன்மைக் காரணம். 1980களின் பிற்பகுதியில் தைவானின் ஜயன்ட் நிறுவனம் அதைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியபின் விலை இறங்கத் தொடங்கியது. அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்த அதே டி.ஐ. நிறுவனம் பின்னாளில் மான்ட்ரா என்ற பெயரில் கார்பன் வண்டிகளையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. போட்டியும் இந்தியாவுக்கு வந்தது: 2019இல் கோவாவில், முழு அயர்ன்மேனில் பாதித் தொலைவு கொண்ட அயர்ன்மேன் 70.3 நடைபெற்றது. ஆயினும் கார்பன் டிரையத்லான் வண்டி இந்தியாவில் இன்றும் பெரும்பாலும் லட்ச ரூபாயைத் தாண்டும் பொருளே.

புதிதாகப் பழகுவோர் இங்கு ஓர் உண்மையை உணர்தல் நன்று. எடைக்குறைவின் பயன் மலையேற்றத்தில்தான் மிகுதி. சமநிலத்தில், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்பவரை எதிர்க்கும் விசையில் பெரும்பங்கு காற்றினுடையது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடி மாதத்தில் வீசும் மேல்காற்றை எதிர்த்து மேற்கே மிதித்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே படுகை நாட்டில், உடலுக்குப் பொருந்திய அலுமினியச் சட்டகத்தில் ஏரோ பார் பூட்டிய வண்டி, கார்பன் தரும் நன்மையில் கணிசமான பகுதியைக் குறைந்த செலவில் தந்துவிடும். அன்றியும் எஃகுச் சட்டகம் வளைந்தால் நிமிர்த்தலாம், முறிந்தால் பற்றவைக்கலாம். கார்பனில் உள்ளே தோன்றும் விரிசல் கண்ணுக்குத் தெரியாமலே பரவக்கூடும், அதைச் சீர்செய்யத் தனிப்பயிற்சி வேண்டும்.

எனவே கார்பன் வண்டி மன்னார்குடி போன்ற ஊர்களுக்கு எட்டுவது தொழிற்சாலை விலையை மட்டும் பொறுத்ததன்று. சென்ற நூற்றாண்டில் எஃகு வண்டியைப் பொதுவாக்கியது வாடகைக் கடையும், பட்டறைத் தொழிலாளியின் கைத்திறனும், கற்பித்த இயக்கமும், பள்ளி வாயிலில் வண்டியை நிறுத்திய அரசுத் திட்டமுமே. விளையாட்டு மன்றங்கள் தம் உறுப்பினருக்குப் பொதுவண்டி வைத்தல், பயன்படுத்திய வண்டிகளை நம்பிக்கையுடன் கைமாற்றுதல், சைக்கிள் கடையினருக்குப் புதிய பொருளில் பயிற்சி அளித்தல் ஆகியவை அவ்வழியின் தொடர்ச்சியாகும். ஆற்றில் நீந்தி, வரப்பில் ஓடி, வாய்க்கால் கரையில் மிதித்து வளரும் இளையோருக்கு இவ்விளையாட்டுக்கான உடல்வலு குறைவில்லை. கருவியை அவர்களிடம் சேர்க்கும் பொறுப்பு சமூகத்துக்கு உரியது.