‘நாள்தோறும்’ என்னும் சொல்

தமிழில் கடலலையும் திரை. வயதேறிய தோலின் சுருக்கமும் திரை. நரை, திரை, மூப்பு என்று நம் முன்னோர் அடுக்கிச் சொன்ன மூன்றில் நரைக்குச் சாயம் உண்டு, மூப்புக்கு மருந்தில்லை. இடையில் நிற்கும் திரையோடுதான் மனிதர்கள் நெடுங்காலமாக வழக்காடி வந்திருக்கிறார்கள். அந்த வழக்கின் வரலாற்றை நாம் தேடப் புகுந்தது ஒரு சிறு ஐயத்தினால். ஐம்பதைக் கடந்த நண்பர்கள் சிலரது வீட்டுக் கண்ணாடியின் முன் இன்று நான்கு குப்பிகள் வரிசையாக நிற்கின்றன: முகம் கழுவ ஒன்று, ஈரப்பதம் காக்க ஒன்று, வெயிலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? வணிகர்கள் உண்டாக்கியதா, மருத்துவர்கள் கண்டதா? இருவருமே காரணம் என்பதுதான் கிடைத்த விடை. ஆனால் நாம் எதிர்பாராத ஒரு சிறைச்சாலையும் அந்த விடைக்குள் இருந்தது.

கதை எகிப்தில் தொடங்குகிறது. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்டு, இன்று ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் ஏபர்ஸ் பாப்பிரஸ் என்னும் மருத்துவச் சுருளில், முகச்சுருக்கத்துக்கென ஒரு குறிப்பு உண்டு. குந்திரிக்கப் பிசின், மெழுகு, முருங்கை எண்ணெய் என்று பொதுவாகக் கருதப்படும் ஓர் எண்ணெய், கோரைக்கிழங்கு ஆகியவற்றை நன்றாக அரைத்துக் குழைத்து முகத்தில் பூசச் சொல்கிறது அது. சரக்குகளைவிட நம்மை நிறுத்தியது அதில் வரும் ‘நாள்தோறும்’ என்ற சொல்தான். ஒரு முறை பூசினால் போதும் என்று அந்த எகிப்திய மருத்துவர் ஆசை காட்டவில்லை. மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது ஒரு பழக்கமாகத்தான் விதிக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு சுருள் இதைவிட விசித்திரமானது. எட்வின் ஸ்மித் என்பவர் 1862இல் லக்ஸர் நகரில் வாங்கியதும், ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டதுமான பாப்பிரஸ் அது. அதன் முன்பக்கம் 48 காயங்களையும் முறிவுகளையும் தலையிலிருந்து கீழ்நோக்கி வரிசைப்படுத்தி ஆராயும் அறுவை மருத்துவ நூல். மந்திரம் கிட்டத்தட்ட இல்லாத, தெளிந்த எழுத்து. சுருளைத் திருப்பினால், கிழவனை இளைஞனாக்கும் செய்முறை ஒன்று இருக்கிறது. ஒரு பழத்தை இடித்து, உலர்த்தி, புடைத்து, வேகவைத்து, கழுவி, மீண்டும் அரைத்துக் காய்ச்சி எண்ணெய் இறக்க வேண்டும். விலையுயர்ந்த கல்லால் ஆன சிமிழில் அதைச் சேமிக்க வேண்டும். அந்தப் பழம் வெந்தயம் என்று சிலரும் கசப்பு வாதுமை என்று வேறு சிலரும் வாதிடுகிறார்கள். சிமிழின் விலை பற்றிய கவலை அன்றே தொடங்கிவிட்டதை நாம் கவனிக்கலாம்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென் பெயரால் வழங்குவது மூன்றாவது செய்முறை: தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர். தோலில் தடவியதும் அதிலுள்ள நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தருவதால் அது பிற்காலத்தில் ‘கோல்ட் கிரீம்’ ஆயிற்று. வயதேறும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. தோல் மெலிந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் வலிமையை இழக்கிறது. எண்ணெயும் மெழுகும் அந்த ஈரம் வெளியேறாமல் மூடி போட்டுக் காக்கின்றன. காலெனுக்கு இந்த விளக்கம் தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் அவர் கை சரியான இடத்தில்தான் இருந்தது.

இதன் பின் பல நூற்றாண்டுகளை நாம் தாண்டிவிடலாம். குறிப்புகள் பெருகின, அடிப்படை மாறவில்லை. மாற்றம் வந்தது இருபதாம் நூற்றாண்டில், விளம்பரத்தின் வழியாக. பாண்ட்ஸ் நிறுவனம் இரவுக்குக் கோல்ட் கிரீம், பகலுக்கு வேனிஷிங் கிரீம் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு புட்டிகள் தேவை என்ற எண்ணத்தை அமெரிக்காவில் ஊன்றியது. இந்த வேனிஷிங் கிரீம் வகைதான் நம் ஊரில் ‘ஸ்நோ’ என்ற பெயரில் புழங்கியது. 1919இல் பம்பாயில் பிறந்த ஆப்கன் ஸ்நோவை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்கள் இன்னும் இருக்கக்கூடும். 1910இல் நியூயார்க்கில் கடை திறந்த எலிசபெத் ஆர்டனும், அவரது வாழ்நாள் போட்டியாளரான ஹெலெனா ரூபின்ஸ்டைனும் முகப்பராமரிப்பை ஒரு சடங்காகவே வளர்த்தார்கள். 1968இல் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக்கின் துணையுடன் வந்த க்ளினிக் நிறுவனம், கழுவு, துடை, ஈரப்பதமூட்டு என்ற மூன்று படிகளை, நாளுக்கு இருமுறை என்று வகுத்தது. எகிப்தியரின் ‘நாள்தோறும்’ இப்போது விற்பனை உத்தியாகவும் ஆகிவிட்டது. தினமும் பூசினால்தானே புட்டி தினமும் குறையும்!

இங்குதான் சிறைச்சாலை வருகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவப் பேராசிரியர் ஆல்பர்ட் க்ளிக்மன், 1951 முதல் 1974 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் உடல்களில் சோதனைகள் நடத்தினார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். விசாரணை முடியாமல், தண்டனையும் பெறாமல் காத்திருந்தவர்களும் பலர். சில டாலர்களுக்காக முதுகையும் கையையும் கொடுத்த அவர்கள், தம்மேல் பூசப்படுவது என்னவென்று முழுமையாக அறியவில்லை. கொடிய நஞ்சான டையாக்சின்கூட அங்கு சோதிக்கப்பட்டது. வைட்டமின் ஏ அமிலமான ட்ரெட்டினாயினும் அங்கே ஆராயப்பட்டது.

முகப்பருவுக்காகத்தான் ட்ரெட்டினாயின் முதலில் புழக்கத்துக்கு வந்தது. அதைப் பூசிய நடுவயதுப் பெண்கள் சிலர் சுருக்கம் குறைந்ததாகச் சொல்லவே, க்ளிக்மன் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1986இல் கட்டுரை வெளியிட்டார். 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஒரு முன்கையில் மருந்துக் களிம்பும் மறுமுன்கையில் மருந்தில்லாக் களிம்பும் 16 வாரங்கள் பூசிப் பார்த்தார்கள். சோதனையை முடித்த 30 பேருக்கும் மருந்து பூசிய கை தேறியிருந்தது. பெரும்பாலோருக்குத் தோல் சிவந்து எரியவும் செய்தது. சுருக்கத்துக்கான முதல் மெய்யான மருந்து இவ்வாறு வந்தது. 1995இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் கிடைத்தது.

சிறைக்குள் நடந்ததை ஆலன் ஹார்ன்ப்ளம் 1998இல் ஒரு முழு நூலாக எழுதினார். க்ளிக்மன் 2010இல் மறைந்தார். தாம் தவறு செய்ததாக அவர் கடைசிவரை ஒப்பவில்லை. பல்கலைக்கழகம் 2021இலும் நகர நிர்வாகம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. அதற்குள் அந்தக் கைதிகளில் பலர் உயிரோடில்லை.

இனி வெயிலின் பங்கு. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகப்படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. ஜன்னலோரத்து இடக்கன்னம் தடித்து ஆழமாக மடிந்திருக்க, வலக்கன்னம் பல ஆண்டு இளமையாக இருந்தது. ஒரே மனிதர், ஒரே வயது. நாம் மூப்பு என்று எண்ணிய பலவும் வெயிலின் வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 903 பேரைக் கொண்டு நடந்து 2013இல் வெளியான ஆய்வு அதை அளந்தும் காட்டியது: விருப்பப்பட்டபோது வெயில்காப்புக் களிம்பு பூசியவர்களைவிட, தினமும் பூசியவர்களுக்கு நாலரை ஆண்டுகளில் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. இரு தரப்பினரையும் பிரித்தது ‘நாள்தோறும்’ என்ற அதே பழைய சொல்தான்.

ஆக, நண்பர்களின் நான்கு குப்பிகளுக்கும் பொருள் உண்டு. காலையில் மென்மையாகக் கழுவுதல், ஈரப்பதம், வெயில்காப்பு. இரவில் கழுவி, மருத்துவர் சொன்னால் வாரத்தில் சில நாள் மட்டும் தொடங்கி வைட்டமின் ஏ களிம்பு, பிறகு மீண்டும் ஈரப்பதம். இதற்கு மேற்பட்ட புட்டிகளில் பெரும்பாலானவை அந்த விலையுயர்ந்த கற்சிமிழின் வழித்தோன்றல்களே எனலாம்.

இதையெல்லாம் அறிந்தபின் இரவுக் குப்பியை எறிந்துவிடுவதா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. எறிவதால் யாருடைய முதுகுத் தழும்பும் மறையப்போவதில்லை. ஆனால் பூசும் கைக்கு அது யாருடைய தோலில் கற்ற பாடம் என்பது தெரிந்திருக்க வேண்டும். நம் முகத்தின் திரை சற்று விலகியிருக்கிறது. அந்த வரலாற்றின் மேல் விழுந்திருந்த திரை விலகத்தான் அரை நூற்றாண்டு ஆயிற்று.