எலதெத்தயிலிருந்து அரிப்புக்கு

சென்ற மாதம் கண்டிக்குப் போயிருந்தபோது, உறவினர் வீட்டு விறாந்தையில் கால்வைக்க இடமில்லை. மருமகன் முறையான இளைஞர் ஒருவர் யாழ்ப்பாணம் வரை சைக்கிளில் போக ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். சைக்கிளின் பின்னால் பூட்டிக்கொள்ளும் இரண்டு சில்லு இழுவை வண்டி ஒன்றையும் தேடிப் பிடித்திருந்தார். கூடாரம், அடுப்பு, அரிசி, மேலதிக டியூப், காற்றடிக்கும் பம்ப் என்று நிலமெங்கும் பரவிக் கிடந்தன. கண்டியிலே தொடங்கும் ஏ-9 வீதி யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 320 கிலோமீற்றர். "மாமா, ஏற்றமல்ல, இறக்கந்தான் பயம்" என்றார் அவர். அக்குறணை தாண்டி பலகடுவ வளைவுகளில் இறங்கும்போது, பாரம் ஏற்றிய வண்டி சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளும். முன் பிரேக்கை இறுகப் பிடித்தால் வண்டி பக்கவாட்டில் மடியும். ஆகவே கனமான பொருட்களை அடியில், அச்சுக்கு நேராக அடுக்க வேண்டுமாம்.

அந்தப் பொருட்குவியலைப் பார்த்தபோது எனக்கு இன்னொரு பொருட்பட்டியல் நினைவுக்கு வந்தது. அதுவும் வடக்கு நோக்கிய நெடும்பயணம் ஒன்றுக்காகத் தயாரானதுதான். ஆண்டு 1679. ஆயத்தம் செய்தவர் றொபேட் நொக்ஸ்.

நொக்ஸின் கதையைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவில், தந்தை தலைவராயிருந்த 'ஆன்' என்ற கப்பலின் மாலுமிகளோடு பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் இராச்சியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. மறு ஆண்டே தந்தை காய்ச்சலில் இறந்துபோனார். விலங்கில்லை, சிறைக்கூடமில்லை. கிராமங்களில் குடியிருக்கலாம், உழைக்கலாம், நாட்டை விட்டு மட்டும் போக முடியாது. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். கடைசியில் கண்டிக்குத் தென்மேற்கே எலதெத்த என்ற ஊரில் நிலம் வாங்கி வீடும் கட்டிக்கொண்டார்.

தப்புவதற்குத் தடையாக இருந்தது காவலைவிட வழிதான். கண்டி அரசர்கள் அகலமான வீதிகளை விரும்பியதில்லை. அந்நியப் படை ஏறி வரக்கூடாது என்பதற்காக வழிகள் ஒற்றையடிப் பாதைகளாகவே விடப்பட்டிருந்தன. முக்கியமான இடங்களில் முட்கதவுகளும் காவலாளரும் இருந்தனர். வரைபடம் கிடையாது. யாரிடமாவது வழி கேட்டால், ஏன் கேட்கிறாய் என்ற கேள்வி எழும்.

நொக்ஸ் கண்ட உபாயம் வியாபாரம். அவரும் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற மற்றொரு கைதியும் புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் முதலியவற்றைச் சுமந்துகொண்டு வடபகுதிக் கிராமங்களுக்குப் பெட்டி வியாபாரிகள்போலப் போய்வரத் தொடங்கினர். மலைநாட்டுச் சரக்குக்கு அங்கே கிராக்கி இருந்தது. விற்றுக்கொண்டே வழியையும் கற்றார்கள். ஒருமுறை காய்ச்சல் திருப்பி அனுப்பியது. தொடர்ந்து வறட்சி வந்து குடிக்கத் தண்ணீரின்றித் திருப்பியது. இப்படிப் பல ஆண்டுகள் கழிந்தன. இந்த நடைகளால் வந்த வேறொரு பயனைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். வெள்ளைக்காரர் இருவர் மூட்டையோடு வடக்கே போவது ஊராருக்குப் பழகிப்போயிற்று.

1679 செப்டெம்பர் 22ஆம் திகதி புறப்பட்டார்கள். அநுராதபுரத்திலிருந்து காட்டுக்குள் இறங்கியபோது அவர்களிடம் இருந்தவற்றை நொக்ஸ் தமது நூலில் ஒன்றும் விடாமல் சொல்கிறார். பத்து நாளுக்கான அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு. சமைக்க ஒரு கலம். தண்ணீர் அள்ள இரண்டு சுரைக்குடுவைகள். மழைக்கு, ஆளுக்கொன்றாக, நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய பெரிய தாளிப்பனை ஓலைகள் இரண்டு. சர்க்கரைக்கட்டியும் இனிப்புப் பண்டமும் வீட்டிலிருந்தே வந்தவை. வெற்றிலை, புகையிலை. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்று இரண்டு மூன்று சக்கிமுக்கிப் பெட்டிகள். முள் குத்தாமல் காலணி செய்துகொள்ள மான்தோல். கையில் நீண்ட தடியில் பொருத்திய சிறு கோடரி, இடுப்பில் கத்தி. எல்லாமே இரண்டு மனிதரின் முதுகுக்கு அடங்கியவை.

அநுராதபுரம் வரை வியாபாரிகளாகவே போனார்கள். வழியில் பிரதேச அதிகாரி ஒருவரின் வீட்டிலேயே தங்கி, உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாகச் சொன்னார்கள். அங்கே அரசனின் ஆட்களும் வந்து சேர, நெஞ்சு பதைத்ததாக எழுதுகிறார். அநுராதபுரத்தில் அவர்கள் கண்ட மக்கள் தமிழர். சிங்களம் பேசப் பழகியிருந்த நொக்ஸுக்கு அவர்களோடு பேச மொழியில்லை. பதினேழாம் நூற்றாண்டு வன்னியைக் குறித்து எழுதுவோர் அவரது அந்தப் பக்கங்களை விட்டுவிட முடியாது. வன்னியனின் நாடு அருகே கிடக்கிறது என்பதும், அங்கே அகப்பட்டாலும் திருப்பி அனுப்பப்படலாம் என்பதும் அவர்களுடைய அச்சம்.

ஒக்டோபர் 12இல் மல்வத்து ஓயாவைப் பிடித்துக் காட்டுக்குள் இறங்கினார்கள். ஆற்றுக்குத் தமிழில் அருவியாறு என்று பெயர். ஆறு கடலுக்குத்தான் போகும், ஆகவே வழி தேவையில்லை. பகலில் மணலில் நடை. இரவில் யானைக்குப் பயந்து தீ. 18ஆம் திகதி சனிக்கிழமை மாலை நான்கு மணியளவில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். சிறையிருப்பு ஏறத்தாழப் பத்தொன்பதரை ஆண்டுகள். மறு ஆண்டு இலண்டன் சேர்ந்த நொக்ஸின் நூல் 1681இல் அச்சாயிற்று.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. சக கைதிகளிடமும் உண்மையைச் சொல்லாமலே அவர் போனார். சொல்லியிருந்தால் போயிருக்கவே முடியாது என்பது சரிதான். தாம் வளர்த்து வந்த லூசியா என்ற சிறுமியையும் எலதெத்தயில் விட்டுப் போனார். அவள் ஒரு ஆங்கிலக் கைதியின் மகள். பின்னர் கடிதமெழுதி, வீட்டையும் நிலத்தையும் அவளுக்கென்று விட்டுக்கொடுத்தார்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மக்கள் வெளியேறியபோது சைக்கிள்தான் இலட்சக்கணக்கானவர்களின் பார வண்டியாயிற்று. கரியரில் அரிசி மூட்டை, ஹாண்டிலில் வாளி, மேலே கிழவி. அதை எவரும் மிதிக்கவில்லை. நெரிசலில் உருட்டிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்கு ஆயத்தம் செய்யக் கிடைத்தவை சில மணித்தியாலங்கள். நொக்ஸுக்கு ஆண்டுக்கணக்கில் கிடைத்தது.

மருமகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. லைட்டர் எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். ஒன்று என்றார். வீட்டு மாமி உள்ளே போய் இரண்டு தீப்பெட்டிகளைக் கொண்டுவந்து பொலித்தீனில் சுற்றி அரிசிக்குள் புதைத்தார்.