பாபேஜின் இயந்திரமும் எழுதப்படாத ஒப்பந்தமும்

கம்ப்யூட்டரின் தந்தை யார் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட சார்லஸ் பாபேஜ் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர் திட்டமிட்ட பெரிய இயந்திரம் ஒன்றுகூட அவர் காலத்தில் முழுமையாகக் கட்டி முடிக்கப்படவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் போதவில்லை என்று பொதுவாகக் காரணம் சொல்வார்கள். ஆனால் வரவு செலவுக் கதையைப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரியும். வேலை எப்போது முடிய வேண்டும், தாமதமானால் நஷ்டம் யாருக்கு என்பதை யாருமே எழுதி வைக்கவில்லை!

பிழை மலிந்த அட்டவணைகள்

கால்குலேட்டர் இல்லாத காலம் அது. மாலுமிகள், வானியலாளர்கள், காப்பீட்டு நிறுவனங்கள் எல்லோரும் அச்சிட்ட கணித அட்டவணைகளை நம்பியே வேலை செய்தார்கள். மனிதர்கள் கையால் கணக்கிட்டு, கையால் அச்சுக் கோத்த அட்டவணைகள் அவை. பிழைகளுக்குப் பஞ்சமில்லை. 1821-ல் பாபேஜும் அவருடைய நண்பர் ஜான் ஹெர்ஷலும் வானியல் கணக்குகளைச் சரிபார்த்தபோது பிழைக்கு மேல் பிழை வந்தது. இதை இயந்திரமே செய்தால் என்ன என்று பாபேஜ் யோசித்தார்.

அதன் அடிப்படை எளிமையானது. 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் வித்தியாசங்கள் 3, 5, 7. அந்த வித்தியாசங்களின் வித்தியாசம் எப்போதும் 2. ஆகவே பெருக்கலே தேவையில்லை, கூட்டிக்கொண்டே போனால் அட்டவணை தயார். இதனால்தான் அந்த இயந்திரத்துக்கு ‘டிஃபரன்ஸ் என்ஜின்’ என்று பெயர்.

வாய்மொழிப் பேச்சு

1823-ல் பாபேஜ் பிரிட்டனின் நிதியமைச்சர் ஃபிரடெரிக் ராபின்சனைச் சந்தித்தார். அரசு 1,500 பவுண்ட் கொடுத்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்பது பாபேஜின் கணக்கு. ஆனால் அந்தச் சந்திப்பில் பேசியதற்கு எழுத்து வடிவில் குறிப்பே இல்லை. முழுச் செலவையும் அரசு ஏற்கும் என்று பாபேஜ் புரிந்துகொண்டார். அப்படி வாக்குக் கொடுக்கவில்லை என்று அரசு நினைத்தது.

இயந்திரத்தைச் செய்ய ஜோசப் கிளமெண்ட் என்ற கைதேர்ந்த வல்லுநர் அமர்த்தப்பட்டார். நெசவாளியின் மகனாகப் பிறந்து, பிராமா, மாட்ஸ்லே போன்ற பெரும் பொறியாளர்களிடம் வேலை பார்த்து, பிறகு லண்டனில் சொந்தப் பட்டறை வைத்தவர். இன்றைய சொல்லில் சொன்னால் ஃப்ரீலான்சர். அவருக்கும் மொத்த விலை பேசப்படவில்லை, கெடுவும் இல்லை. வேலையைச் செய்வார், பில் அனுப்புவார், அவ்வளவுதான்.

ரிஸ்க் யாருக்கு?

இது யாருக்கு லாபம்? இதுவரை யாரும் செய்யாத பாகங்கள் என்பதால் அவற்றைச் செய்வதற்கான கருவிகளையே முதலில் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் செலவும் பில்லில் வந்தது. ஆனால் அன்றைய தொழில் வழக்கப்படி, வாடிக்கையாளர் பணத்தில் செய்த கருவிகளும் தொழிலாளிக்கே சொந்தம். வேலை நீண்டால் கிளமெண்டின் பட்டறை வளரும், பாபேஜின் பை கரையும்.

அதற்காகக் கிளமெண்டை வில்லன் ஆக்கிவிடவும் முடியாது. தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்கு அவர் கூலி கொடுத்தாக வேண்டும். அரசுப் பணமோ தாமதமாகத்தான் வந்தது. பாபேஜ் முதலில் கைக்காசைப் போட்டுவிட்டுப் பிறகு கஜானாவிடம் வாங்குவார். 1829-ல் பணத் தகராறில் வேலையே நின்றது. பொறியாளர்களைக் கொண்டு பில்கள் சரிபார்க்கப்பட்டு, பிரதமர் வெலிங்டன் பிரபு நேரில் வந்து பார்த்து, மேலும் பணம் ஒதுக்கிய பிறகே விஷயம் நகர்ந்தது.

அடுத்த சிக்கல் இடமாற்றம். பாபேஜின் வீட்டருகே புதிய பட்டறை கட்டினார்கள். அங்கே போனால் தன் மற்ற தொழில் பாதிக்கும் என்று கிளமெண்ட் நஷ்டஈடு கேட்டார். கஜானா மறுத்தது. கஜானா தரும் முன் தன் கைப்பணத்தைக் கொடுக்க முடியாது என்று பாபேஜும் சொல்லிவிட்டார். 1833-ல் கிளமெண்ட் ஆட்களை அனுப்பிவிட்டு வேலையை நிறுத்தினார். அத்தோடு முடிந்தது.

தேவைப்பட்ட சுமார் 25,000 பாகங்களில் ஏறக்குறைய பாதி தயாராகியிருந்தன. அரசுக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 17,500 பவுண்ட். 1831-ல் ஸ்டீபன்சன் நிறுவனம் செய்த ஒரு ரயில் என்ஜினின் விலை 784 பவுண்டுதான்! இதற்கிடையில் பாபேஜ் 1834-ல் இன்னும் பெரிய ‘அனலிட்டிகல் என்ஜின்’ பற்றி யோசிக்கத் தொடங்கினார். பழைய வேலை முடியாமல் புதிய யோசனை வந்தால் பணம் போட்டவருக்கு நம்பிக்கை எப்படி இருக்கும்? 1842-ல் ராபர்ட் பீலின் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

சுவீடனில் நடந்தது

பாபேஜின் இயந்திரம் பற்றிப் படித்த சுவீடன்காரர் ஜார்ஜ் ஷூட்ஸும் அவர் மகன் எட்வர்டும் இதே வகை இயந்திரத்தைத் தொடங்கினார்கள். சுவீடன் அரசும் பண உதவி செய்தது. ஆனால் நிபந்தனையோடு. 1853 முடிவுக்குள் இயந்திரம் தயாராக வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சுவீடிஷ் அகாதமி உறுப்பினர்கள் இதற்கு ஜாமீன் நின்றார்கள். கெடு தெரியும், தவறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 1853 அக்டோபரில் இயந்திரம் முடிந்தது. பாபேஜ் திட்டமிட்டதைவிடச் சிறியது, நுட்பமும் குறைவுதான். ஆனால் வேலை செய்தது. 1855-ல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கமும் வாங்கியது.

தொழில்நுட்பம்தான் தடையா?

1832-ல் கிளமெண்ட் கோத்துக் கொடுத்த ஒரு பகுதி சரியாகவே இயங்கியது. பாபேஜ் பிற்காலத்தில் வரைந்த இரண்டாவது டிஃபரன்ஸ் என்ஜினின் கணக்கிடும் பகுதியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-ல் கட்டி முடித்தது. பாபேஜ் காலத்தில் சாத்தியமான துல்லியத்திலேயே பாகங்கள் செய்யப்பட்டன. அதுவும் இயங்கியது. அந்தத் திட்டத்திலும் ஒரு சோதனை வந்தது. வேலையை ஏற்ற நிறுவனம் 1990-ல் திவாலானது. அருங்காட்சியகம் அங்கிருந்த இரண்டு பொறியாளர்களைத் தானே வேலைக்கு எடுத்துக்கொண்டு முடித்தது. ரிஸ்க் வந்தபோது அதை யார் தாங்குவது என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

இன்று வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதித் தரும் இளைஞர் முன்னால் இருப்பதும் அதே கேள்விகள்தான். எந்தத் தேதிக்குள் எந்தப் பகுதி? பணம் எந்தக் கட்டத்தில் வரும்? வாடிக்கையாளர் பாதியில் யோசனையை மாற்றினால் கூடுதல் செலவு யாருக்கு? எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்? பாபேஜுக்கு அறிவும் கிளமெண்டுக்குத் திறமையும் குறைவில்லாமல் இருந்தன. குறைந்தது, தொடங்கும் முன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிய ஒரு தாள்!