டைக்ளோஃபினாக் ஊசியும் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும்

வடசென்னையில், துறைமுகத்துக்கு அருகே பாரிமுனையில் அமைந்துள்ள உயர் நீதிமன்றம் 2017 அக்டோபரில் ஒரு மருந்துக் குப்பியின் அளவைப் பற்றித் தீர்ப்பளித்தது. டைக்ளோஃபினாக் என்னும் வலி நிவாரணி ஊசி மருந்தை, மனிதப் பயன்பாட்டுக்கு 3 மில்லிலிட்டர் கொண்ட ஒற்றை வேளைக் குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு 2015 ஜூலையில் ஆணையிட்டிருந்தது. மருந்து நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. நீதிமன்றம் ஆணையை உறுதி செய்தது.

ஒரு குப்பியின் அளவுக்கு இவ்வளவு வழக்கு எதற்கு? காரணம் பாறுக் கழுகுகள். 1990களில் இந்தியாவில் இவை கூட்டம் கூட்டமாக மடிந்தன. வெண்முதுகுப் பாறுகளில் 1992க்கும் 2007க்கும் இடையே 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துபோயின. லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் செய்த ஆய்வு 2004இல் வெளியாகி, காரணத்தைக் காட்டியது. டைக்ளோஃபினாக் செலுத்தப்பட்ட மாடு இறந்தால் அதன் இறைச்சியில் மருந்து தங்கிவிடும். அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு இம்மருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கென விற்ற 30 மில்லிலிட்டர் பெரிய குப்பிகள் மாட்டுக்கும் வசதியாக இருந்தன. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லிலிட்டர், அதாவது 75 மில்லிகிராம் போதும். ஓட்டை அந்தப் பெரிய குப்பியில்தான் இருந்தது. தமிழ்நாட்டில் எஞ்சியுள்ள பாறுகள் பெரும்பாலும் மாயாறு பள்ளத்தாக்கைச் சுற்றியே வாழ்கின்றன.

டைக்ளோஃபினாக் சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனத்தில் உருவாகி 1970களில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 'வோவெரான்' என்ற பெயரில் பலருக்கும் தெரியும். இவ்வகை மருந்துகள் வேலை செய்யும் விதத்தை 1971இல் ஜான் வேன் விளக்கினார். அதற்காக 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உருவாவதை இவை தடுக்கின்றன. சிக்கலும் அங்கேதான். அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது; உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே.

மனிதர்கள் பாறுகளைப் போல ஒரே வேளையில் மடிவதில்லை. ஆனாலும் ராயபுரத்தில் மூட்டை சுமப்பவரோ, காசிமேட்டில் வலை இழுப்பவரோ, எண்ணூர் ஆலையில் வெக்கையில் நிற்பவரோ, வியர்த்து உடல் வற்றிய நிலையில் முதுகுவலிக்கு இதை நாள்தோறும் விழுங்கினால் சிறுநீரகம் பழுதாகலாம். இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். உணவுக்குப் பின் சாப்பிட்டால் வயிற்றெரிச்சல் குறையலாம், ஆனால் புண்ணும் இரத்தக் கசிவும் வராது என்ற உறுதி இல்லை. மலம் தார் போலக் கறுத்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அறிவித்தது. கர்ப்பத்தின் பிற்பாதியிலும் கூடாது. டெங்கு என்று சந்தேகம் இருந்தால் காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டுமே. இம்மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டும்.

2023இல் அசிக்ளோஃபினாக் என்ற மருந்தும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. மாட்டின் உடலில் அது டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. மனிதருக்கு அது பாரசிட்டமாலுடன் கலந்து ஒரே மாத்திரையாகப் பரவலாக விற்கப்படுகிறது. அட்டையில் பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் சாப்பிடுபவர்கள் உண்டு. டைக்ளோஃபினாக் சட்டப்படி எச் அட்டவணை மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்கக் கூடாது. கொடுக்கிறார்கள் என்பது வேறு.