மண்டை ஓட்டைத் தாண்டிய ஒலி

ஸ்கேன் ரூம்ல ஜெல் தடவி வயித்து மேல உருட்டுவாங்களே, அந்த அல்ட்ராசவுண்ட். அதையே மூளைக்குள்ள ஒரு புள்ளியில் குவித்து நாள்பட்ட வலியைக் குறைக்கலாம்னு செய்தி வருது. "டாக்டர், இது புதுசா?"ன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. இல்லைங்க, நூறு வருஷக் கதை. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாங்க.

முதல் உலகப்போர் காலம். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவின் தண்ணீருக்குள் அல்ட்ராசவுண்ட் அனுப்பினார். ஒலி போன பாதையில் சிக்கிய மீன்கள் செத்தன. கையை விட்டால் வலித்தது. ஆமாம், இந்தக் கதையில் ஒலி முதலில் வலியைக் கொடுத்தது!

1942-இல் அமெரிக்காவில் ஜான் லின் குழுவினர் அந்த ஒலியைக் குவித்தார்கள். வெயிலில் பூதக்கண்ணாடி பிடித்துக் காகிதத்தை எரிப்போமே, அதே சூட்சுமம்தான்.

ஆனால் நடுவில் மண்டை ஓடு நிற்கிறது. எலும்பு ஒலியைச் சிதறடிக்கும், உறிஞ்சிச் சூடாகும். அதனால் 1950-களில் இல்லினாய்ஸின் ஃப்ரை சகோதரர்கள் ஒலியை உள்ளே அனுப்ப எலும்பில் ஜன்னல் வெட்ட வேண்டியிருந்தது. அதே காலத்தில் பெட்டர் லிண்ட்ஸ்ட்ரோம் என்ற நரம்பியல் அறுவை நிபுணர், புற்றுநோய் வலியில் துடித்தவர்களின் முன்மூளைக்குள் ஒலியைச் செலுத்தினார். லோபாடமிக்கு மாற்றாம்! (சினிமா ரசிகர்களுக்கு: நடிகை இங்க்ரிட் பெர்க்மனின் முதல் கணவர் இவர்தான்.) இன்னைக்குப் படிச்சா சங்கடமா இருக்கு. மருந்துக்கு அடங்காத வலியைப் பார்த்தவங்களுக்கு அந்த அவசரம் புரியும்.

எனக்கு முக்கியமாப் படுவது 1958. ஃப்ரை சகோதரர்கள் பூனையின் மூளையில், பார்வைப் பாதையில் ஒலியைக் குவித்தார்கள். வெளிச்சத்துக்கு மூளை காட்டும் பதில் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. எதையும் எரிக்காமல், தற்காலிகமாக அணைத்து வைக்கலாம்! இதன் அருமை பல பத்தாண்டுகள் கழித்துத்தான் புரிந்தது.

மண்டை ஓட்டுக்கு விடை கணினியிடம் கிடைத்தது. 1,024 ஒலிமூலங்கள் கொண்ட ஹெல்மெட். சிடி ஸ்கேன் வைத்து எலும்பின் தடிமனைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றும் எப்போது ஒலிக்கணும்னு திருத்துவார்கள். சூடு சரியான இடத்தில் ஏறுதான்னு எம்ஆர்ஐ காட்டும். 2009-இல் சூரிக்கில் நரம்பு வலி நோயாளிகள் 9 பேருக்கு, மண்டையைத் திறக்காமலேயே தலாமஸில் சிறு புள்ளியைச் சுட்டார்கள். 2012 அறிக்கையில், ஓராண்டு வரை தொடர்ந்து பார்க்கப்பட்ட 8 பேருக்குச் சராசரியாக 57% வலி குறைந்திருந்தது. ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவும் ஆனது. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

சுட்ட இடம் திரும்பாது. அதனால்தான் 1958-இன் யோசனைக்கு மறுபடி மவுசு. 2024-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில், நாள்பட்ட வலியுள்ள 20 பேருக்கு முன் சிங்குலேட்டில் குறைந்த சக்தி ஒலி கொடுத்தார்கள். வலியை "வேதனை"யா மாற்றும் பகுதி அது. 40 நிமிடம், ஒரே அமர்வு. நிஜ ஒலி பெற்றவர்களில் 60% பேருக்கு குறிப்பிடத்தக்க நிவாரணம், ஒரு வாரம் கழித்தும்கூட. போலிச் சிகிச்சையில் அந்த அளவு வரலை.

20 பேர்தான், ஒரு வாரம்தான். இந்தக் குறைந்த சக்தி முறை இன்னும் ஆய்வுக் கட்டத்தில் இருக்கு. யாராவது இதை "பேக்கேஜ்"னு விற்றால் பணத்தைக் கொடுக்காதீங்க. அப்புறம், பிசியோதெரபியில் முட்டிக்கு வைக்கிற மெஷின் வேற, இது வேற. அதை எடுத்துத் தலையில் வெச்சுக்காதீங்க, ப்ளீஸ்.