பள்ளிக்கூடத்து மொட்டை மாடி

(நீண்ட பதிவு. பொறுமை உள்ளோர் படிக்கலாம்.)

கடந்த குளிர்காலத்தில் தில்லியில் ஒரு தனியார் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குச் செல்ல நேர்ந்தது. அண்டை வீட்டார் ஊரில் இல்லாமையால் அவர்களுடைய மகளின் பொருட்டு நான் போனேன். கட்டண உயர்வு, பேருந்துத் தாமதம், சிற்றுண்டிச் சாலையின் எண்ணெய் எனப் பேச்சு சுற்றிவந்த பின், ஒரு தந்தையார் எழுந்து, வாயிலில் துப்பாக்கி ஏந்திய காவலரை நிறுத்த வேண்டும் என்றார். வங்கி வாசலில் பணத்தைக் காக்கத் துப்பாக்கி இருக்கிறதே, பிள்ளைகளைக் காக்க ஒரு கைத்தடி போதுமா என்று அவர் கேட்டபோது அரங்கில் கைதட்டல் எழுந்தது. அவருடைய கலக்கம் உண்மையானது. அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஆயினும் இந்தியாவில் எவரும் இதுவரை முயன்று பாராத ஒன்றைக் கேட்பதுபோல் அவர் கேட்டதுதான் என்னை உறுத்தியது. பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கி நுழைந்த வரலாறு நம் நாட்டில் நெடியது. அது தில்லியில் நிகழாததால் தில்லிக்குத் தெரியவில்லை.

இந்தக் கேள்வி நகரத்துப் பெற்றோரிடையே வலுப்பெற்றது 2014 டிசம்பர் 16க்குப் பிறகு. அன்று பெஷாவரின் இராணுவப் பொதுப் பள்ளியில் 130க்கும் மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து இந்திய உள்துறையும் மாநிலக் காவல்துறைகளும் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல்களை அனுப்பின: சுற்றுச்சுவரை உயர்த்துக, வாயில்களில் காவலரை நிறுத்துக, கண்காணிப்புக் கேமரா பொருத்துக. பெஷாவர் பள்ளி காவலற்றுக் கிடந்த பள்ளி அன்று என்பதை அப்போது பலர் கவனிக்கவில்லை. இராணுவமே நடத்திய பள்ளி அது. வந்தவர்கள் வாயிலைத் தவிர்த்துப் பின்புறச் சுவரேறி உள்ளே குதித்தனர். அடுத்த மாதமே கைபர் பக்துன்குவா மாகாண அரசு ஆசிரியர்கள் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவர இசைவளித்தது. சில மாதங்கள் கழித்து, 2015 ஜூலையில், ஸ்வாத் பள்ளத்தாக்கின் மிங்கோரா நகரில் ஓர் ஆசிரியரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஒரு மாணவன் இறந்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். என் ஆய்வுப் பொருள் வறண்ட ஒன்று: தனியார் கட்டடங்களை அரசு தன் தேவைக்காகத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தின் வரலாறு. பழைய சட்டங்களின் விலக்குப் பிரிவுகளைப் படிப்பதே என் அன்றாட வேலை. ஒரு காலம் எவற்றைத் தொடலாகாதவை என்று கருதியது என்பதை விலக்குப் பிரிவுகள்போல் வேறெதுவும் காட்டுவதில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 75அ என்றொரு விதி உண்டு. எந்தச் சொத்தையும் அரசு எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. வழிபாட்டுக்குப் பயன்படும் சொத்து மட்டும் வெளிப்படையாக விலக்கப்பட்டது. பள்ளிக்கு அத்தகைய விலக்கு இல்லை. கோயிலையும் மசூதியையும் தொட்டால் கலகம் மூளும், பள்ளியைத் தொட்டால் எவரும் எழமாட்டார் என்ற காலனியக் கணக்கு அதில் இருந்திருக்கலாம். இது என் ஊகம்.

விடுதலைக்குப் பின், 1952இல், அசையாச் சொத்துகளைத் தேவைக்கு எடுத்துக்கொள்ளுதல் பற்றிய மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் மூன்றாம் பிரிவின் விலக்கு நீள்கிறது. உரிமையாளர் குடியிருக்கும் வீடு, பொதுமக்களின் வழிபாட்டிடம் ஆகியவற்றோடு பள்ளி, மருத்துவமனை, பொது நூலகம், அனாதை இல்லம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. அந்த வரியை முதன்முறை படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோயிலுக்கு இணையாகப் பள்ளியையும் நூலகத்தையும் ஒரே மூச்சில் நிறுத்திய குடியரசின் மீது அன்று எனக்குப் பெரும் மதிப்புத் தோன்றியது.

அந்த மதிப்பில் ஒரு ஓட்டை இருந்ததைப் பின்னர்தான் கண்டேன். மற்றவருடைய சொத்தை எடுப்பதற்குத்தான் அரசுக்குச் சட்டம் வேண்டும். தன் சொத்தைப் பயன்படுத்தத் தனியே ஓர் ஆணை எதற்கு? நகரத்துத் தனியார் பள்ளிக்குக் கிடைத்த அந்தக் காப்பு, காட்டோரத்து அரசுப் பள்ளிக்குக் கிடைக்கவில்லை. அங்கே கட்டடமும் அரசுடையது, காவலரும் அரசின் ஆட்கள். முடியாது என்று சொல்வதற்கு உரிமையாளர் என ஒருவரும் இல்லை. தலைமையாசிரியர் ஓர் அரசு ஊழியர்.

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியிலும், ஜார்க்கண்டிலும், பீகாரின் தென் மாவட்டங்களிலும் மாவோயிஸ்டுகளுக்கு எதிரான நடவடிக்கைகள் பெருகிய ஆண்டுகளில் படையினர் பள்ளிகளில் தங்கியது இப்படித்தான். காரணம் எளியது. பல சிற்றூர்களில் காரைக் கட்டடம் என்று இருந்தது பள்ளி ஒன்றே. அதற்குத் தட்டையான மொட்டை மாடி உண்டு. மணல் மூட்டைகளை அடுக்கிக் காவல் நிலை அமைக்கலாம். முற்றத்தில் அடிபம்பு உண்டு, கழிப்பறை உண்டு, அறைகளுக்குப் பூட்டும் உண்டு. ஒரு பாசறைக்கு வேண்டியவை அனைத்தும் ஆயத்தமாக இருந்தன. சில நாள்களுக்கு என்று வந்தவர்கள் சில ஆண்டுகள் தங்கினர். ஊருக்குப் பாதுகாப்பு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

பீகாரிலும் ஜார்க்கண்டிலும் நிலைமையை நேரில் ஆராய்ந்து மனித உரிமைக் கண்காணிப்பகம் 2009 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. படையினர் சில பள்ளிகளை முழுமையாகப் பிடித்துக்கொள்ளாமல் சில அறைகளில் மட்டும் தங்கினர். மற்ற அறைகளில் வகுப்புகள் நடந்தன. காகிதத்தில் பள்ளி இயங்கியது. ஆயின் முள்கம்பிக்கும் மணல் மூட்டைக்கும் இடையே நடந்து வகுப்புக்குச் செல்ல வேண்டும். கழிப்பறை படையினர் வசம். முதலில் நின்றவர்கள் வளர்ந்த பெண் பிள்ளைகள். இதை விளக்க எந்தக் கோட்பாடும் தேவையில்லை. துப்பாக்கியோடு ஆடவர் குழு தங்கியிருக்கும் வளாகத்துக்குப் பதின்மூன்று வயது மகளை அனுப்ப எந்தத் தாய் துணிவாள்?

அந்தத் துப்பாக்கி பள்ளியைக் காத்ததா? 2007 மார்ச் 15 அன்று, இன்றைய பீஜாப்பூர் மாவட்டத்தின் ராணி போட்லி என்னும் ஊரில் காவல் முகாம் ஒன்றை மாவோயிஸ்டுகள் தாக்கினர். சத்தீஸ்கர் ஆயுதப் படையினரும் சிறப்புக் காவல் அலுவலர்களுமாக 55 பேர் மாண்டனர். சிறப்புக் காவல் அலுவலர் என்ற பெயர் பெரிதே ஒழிய, அப்பதவியில் இருந்தோரில் பெரும்பாலோர் சிறிய மதிப்பூதியத்துக்குச் சேர்ந்த பழங்குடி இளைஞர்கள். அந்த முகாம் இருந்த இடம் பெண் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிக் கட்டடம். நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். படையினர் தங்கியதால்தான் பள்ளிகள் தகர்க்கப்பட்டன என்று மாவோயிஸ்டுகள் கூறிவந்தனர். அது முழு உண்மையன்று. படையினர் ஒருநாளும் தங்காத பள்ளிகளையும் அவர்கள் குண்டுவைத்துத் தகர்த்ததை அதே அறிக்கை பதிவு செய்கிறது. காவலற்ற கட்டடம் எளிய இலக்கு, தகர்த்தால் செய்தியாகும். நாளை படையினர் வரக்கூடும் என்ற காரணமும் சொல்லப்பட்டது. ஆக, காரைக் கட்டடமாக இருப்பதே ஒரு பள்ளியின் குற்றமாயிற்று. அரசும் ஒரு வகையில் அதை ஒப்புக்கொண்டது எனலாம். தகர்ந்த பள்ளிகளுக்கு மாற்றாகத் தந்தேவாடா பகுதியில் மூங்கில் தட்டிகளைக் கொண்டு உறைவிடப் பள்ளிகள் எழுப்பப்பட்டன. ‘போர்ட்டா கேபின்’ என்று அவற்றுக்குப் பெயர். மூங்கில் கூரைமீது காவல் நிலை அமைக்க முடியாது, ஆதலால் அவற்றைத் தகர்க்கவும் காரணமில்லை. அதற்கும் ஒரு விலை இருந்தது. 2024 மார்ச்சில் பீஜாப்பூர் மாவட்டத்தில் அத்தகைய விடுதி ஒன்று தீப்பற்றியதில் ஒரு சிறுமி உயிரிழந்தாள்.

நீதிமன்றங்கள் இதில் தலையிட்ட விதம் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியது. 2007இல் உச்ச நீதிமன்றத்தில் பதிவான ஒரு வழக்கின் பெயரே ‘தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுதல்’ என்பது. அந்த வழக்கு நடந்துவருகையில், மணிப்பூர், அசாம் மாநிலங்களிலிருந்து நல்ல படிப்புத் தருவதாக அழைத்துவரப்பட்ட குழந்தைகள் தமிழகத்து இல்லங்களில் அவலநிலையில் இருப்பது வெளிவந்தது. சொந்த ஊரில் பள்ளி இருக்க, இரண்டாயிரம் கல் தொலைவுக்குப் பிள்ளைகளைப் பெற்றோர் ஏன் அனுப்பினர் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? அந்தக் கேள்வியின் வழியே வழக்கு வடகிழக்குக்குச் சென்றது. பள்ளிகளையும் விடுதிகளையும் ஆயுதப் படையினர் இனி எக்காரணம் கொண்டும் பிடித்துக்கொள்ளாதவாறு பார்த்துக்கொள்ளும்படி 2010 செப்டம்பர் 1 அன்று உள்துறைக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழகத்து விடுதி ஒன்றின் அவலத்தில் தொடங்கிய வழக்கு மணிப்பூரின் வகுப்பறையில் போய் முடிந்தது.

அடுத்த ஆண்டு நந்தினி சுந்தர் தொடுத்த வழக்கில், 2011 ஜூலை 5 அன்று, சல்வா ஜூடும் பற்றிய தீர்ப்பு வந்தது. சிறப்புக் காவல் அலுவலர்களைப் பற்றிய பகுதிக்காகவே அத்தீர்ப்பு புகழ்பெற்றது. அதில் பள்ளிகளைப் பற்றிய ஒரு பத்தி உண்டு. பலர் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். எல்லாப் பள்ளிகளும் காலி செய்யப்பட்டுவிட்டன என மாநில அரசு பிரமாணப் பத்திரத்தில் உறுதி கூறியிருந்தது. விசாரணையின்போது அது பிழை என்றும் பல பள்ளிகளில் படையினர் தொடர்ந்து இருந்தனர் என்றும் தெரியவந்ததாக நீதிபதிகள் சுதர்சன் ரெட்டியும் நிஜ்ஜாரும் பதிவு செய்தனர். உள்ளே நுழைந்த துப்பாக்கியை வெளியே அனுப்புவது எத்துணை கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே பதில் பிழையாகச் சொல்லப்பட்டபோது, ஊர்த் தலைமையாசிரியருக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்?

காஷ்மீரின் கதை வேறு திசையில் செல்வது. 2016இன் கொந்தளிப்பில் சில மாதங்களுக்குள் சுமார் 30 பள்ளிகள் தீக்கிரையாயின. எரித்தவர் யார் என்பது பெரும்பாலும் தெரியவில்லை. அப்போது பள்ளி ஊழியர்களும் ஆசிரியர்களும் முறைவைத்து இரவுக் காவல் இருக்குமாறு பணிக்கப்பட்டனர். பகலில் மூடிக்கிடந்த பள்ளிக்கு இரவில் ஆசிரியர் சென்றார். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்துக் கல்வி சாராப் பணியில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கிறது. ஆனால் அச்சட்டம் அன்று ஜம்மு காஷ்மீருக்குப் பொருந்தாது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளலாம்: ஆசிரியரை வேறு பணிக்கு இழுக்கலாகாது என்று சொல்லும் அந்தப் பிரிவு, பள்ளிக் கட்டடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தில்லித் தந்தையார் இதைப் படித்தால், ‘நான் கேட்டது ஒரு காவலரை, நீங்கள் பாசறையைப் பற்றிப் பேசுகிறீர்கள்’ என்பார். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. 2016 ஜனவரியில் சார்சத்தாவின் பாச்சா கான் பல்கலைக்கழகத்தைத் துப்பாக்கிதாரிகள் தாக்கியபோது அங்கு ஆயுதக் காவலர்கள் இருந்தனர். சுமார் 20 பேர் இறந்தனர்; காவலர்கள் எதிர்த்துச் சுட்டிராவிட்டால் இன்னும் பலர் இறந்திருப்பர் என்றே பலரும் கருதினர். அதை நான் மறுக்கவில்லை.

என் கருத்து இதுதான்: அந்தத் தனியார் பள்ளி தன் காவலரைத் தானே நியமிக்கும், பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே நீக்கும். அங்கே துப்பாக்கி பள்ளியின் ஊழியன். ஆயின் அங்கு அபாயம் மிகச் சிறிது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவரின் மடியில், நூற்றுக்கணக்கான சிறுவர்களின் கைக்கெட்டும் தொலைவில், அந்தத் துப்பாக்கியே பெரிய அபாயம். அபாயம் உண்மையிலேயே பெரிதாக உள்ள இடங்களிலோ துப்பாக்கி ஊழியனாக வருவதில்லை, எசமானாக வருகிறது. ஆகவே காவல் சாலையில் இருக்கட்டும், ஊரின் எல்லையில் இருக்கட்டும், அழைத்தால் விரைந்து வரும் தொலைவில் இருக்கட்டும். பள்ளியின் சுற்றுச்சுவருக்குள் வேண்டாம். மோதல் காலத்தில் பள்ளிகளைப் படைப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவைக்க 2015இல் ஆஸ்லோவில் உருவான பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தை நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் ஏற்றுள்ளன. 1952லேயே அந்தச் சொற்களைச் சட்டமாக எழுதிய இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

பஸ்தரில் மூடிக்கிடந்த 200க்கும் மேற்பட்ட பள்ளிகளை மீண்டும் திறந்ததாக 2022இல் சத்தீஸ்கர் அரசு அறிவித்தது. பல ஊர்களில் கட்டடம் இல்லாமையால் ஊராரே கொட்டகை எழுப்பினர். உள்ளூர் இளைஞர்கள் ‘சிக்ஷா தூத்’ என்ற பெயரில் சிறிய ஊதியத்துக்குப் பாடம் நடத்துகிறார்கள். உளவாளிகள் என்று குற்றஞ்சாட்டி அவர்களுள் சிலரை மாவோயிஸ்டுகள் கொன்றிருக்கிறார்கள். ஊரிலிருந்து கடத்திச் சென்று கொன்றதும் உண்டு. பள்ளி வாயிலில் நிற்கும் காவலர் அவர்களைக் காத்திருக்க முடியாது. ஓரிரு வாரங்கள் கழித்து வேறோர் இளைஞர் வருகிறார், வகுப்பு தொடர்கிறது. அந்தக் கொட்டகைகளுக்குத் தகரமோ ஓலையோதான் கூரை. அதன்மீது யாரும் ஏறி நிற்க முடியாது.