பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளங்கள்

போடிநாயக்கனூருக்கு இரயில் 1928இல் வந்தது. பதினான்கே ஆண்டுகளில், 1942இல், மதுரையிலிருந்து அவ்வூர்வரை ஓடிய சுமார் 90 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை பெயர்த்தெடுக்கப்பட்டது. கழித்துக்கட்டும் வயது அத்தண்டவாளங்களுக்கு ஆகியிருக்கவில்லை. உலகப் போருக்கு இரும்பு வேண்டியிருந்தது, அவ்வளவே. இன்றைய இடுக்கி மாவட்டத்து ஏலமலைகளின் சரக்கு மீண்டும் சாலையை நம்பியது. ஓராண்டுக்கு முன்னரே, நிலம்பூர்த் தேக்குக்காக 1927இல் இடப்பட்ட ஷொர்ணூர்–நிலம்பூர் பாதைக்கும் இதே கதி நேர்ந்திருந்தது. இரண்டும் 1954 வாக்கில்தான் மறுபடி உயிர்பெற்றன.

உலோக மறுசுழற்சியைப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் டன் கணக்கில் நின்றுவிடுகின்றன. உருக்கிய இரும்பு எத்தனை, மிச்சமான தாது எத்தனை என்பதே அவற்றின் வினா. ஓர் இரும்பு எப்போது, யாருடைய சொல்லால் ‘பழைய இரும்பு’ ஆகிறது என்ற வினா அதற்கு முந்தையது. தமிழின் ‘காயலான் கடை’ காயல்பட்டினத்து வணிகரைச் சுட்டிப் பிறந்த சொல் என்பர். எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் அதுவே ‘ஆக்ரி’. இரண்டு வழக்கிலும் வீட்டார் தாமே வேண்டாமென ஒதுக்கிய பொருள்தான் கடைக்குப் போகிறது. 1941–42இல் போடியையும் நிலம்பூரையும் எவரும் கேட்கவில்லை.

மூணாற்றுக் குண்டலைப் பள்ளத்தாக்கில் இரயிலை அழித்தது இயற்கை. 1902இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908இல் இரண்டடி அகலப் பாதையாக மாறிய அது, தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுசென்றது. அங்கிருந்து கம்பிவடத்தில் சரக்கு கீழிறங்கிப் போடியை அடைந்தது. 1924 வெள்ளம் அப்பாதையைச் சிதைத்தது. போடிக்கு இரயில் வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. இரு இருப்புப் பாதைகளும் ஒரே காலத்தில் இயங்கியதே இல்லை.

பாலக்காட்டு எல்லையிலுள்ள பரம்பிக்குளத்தின் கதை இன்னும் கசப்பானது. கொச்சி சமஸ்தானம் 1907 முதல் சாலக்குடிவரை சுமார் 80 கிலோமீட்டர் வன டிராம்வேயை இயக்கியது. தளவாடங்கள் ஜெர்மனியின் ஓரென்ஸ்டைன் அண்ட் கோப்பல் நிறுவனத்துடையவை. செங்குத்தான சரிவுகளில், மரமேற்றி இறங்கும் வண்டியின் எடையே வெற்று வண்டியை மேலே இழுத்தது. எரிபொருளின்றி இயங்கிய அந்த ஏற்பாட்டைச் சுழற்சிப் பொருளாதாரத்தின் பாடநூல்களில் சேர்க்கலாம். ஆயினும் அது சுமந்ததெல்லாம் காடு. 1963இல் டிராம்வே மூடப்பட்டது. அந்தப் பாதை திரும்ப இடப்படவேயில்லை.

இன்று வாளையாற்றை அடுத்த கஞ்சிக்கோட்டு ஆலைகளின் தூண்டல் உலைகளில் பழைய இரும்பு கட்டுமானக் கம்பியாகிறது. இரும்பை எத்தனை முறையும் உருக்கலாம் என்பது முழு உண்மையன்று. மோட்டார்ச் சுருள்களிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் கலந்துவிடும் செம்பு, உருக்கும்போது பிரிவதில்லை; சுற்றுக்குச் சுற்று சேர்ந்து, சூடாக உருட்டும்போது எஃகின் மேற்பரப்பில் வெடிப்பை உண்டாக்கும். அதனால்தான் கலப்படமற்ற பழைய தண்டவாளத்துக்கு மதிப்பு அதிகம். அதை உருக்கக்கூட வேண்டாம். காய்ச்சி அப்படியே கம்பியாக உருட்டிவிடலாம்.

போடியின் மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாக்கத்துக்காக 2010 இறுதியில் இரண்டாம் முறை மூடப்பட்டது. தேனிவரை 2022இலும் போடிவரை 2023 ஜூனிலும் இரயில் திரும்பியது. இம்முறையும் இடைவெளி ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள்.